கணிமைக் கோட்பாட்டைக் கற்பது எப்படி? ஆட்டோமேட்டா முதல் என்.பி. வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி அறிவியல் படிப்பில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், அதாவது கணிமைக் கோட்பாடு, என்ற பாடம் வரும்போது, மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நிரல்மொழிகளைப் பழகியிருப்பார்கள். அதுவரை எழுதியது ஓடுகிறதா இல்லையா என்று கணினியே சொல்லிவிடும். இந்தப் பாடத்தில் அந்த வசதி கிடையாது. எழுதிய நிரூபணம் சரியா, எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை எழுதியவரே கண்டுபிடிக்க வேண்டும். பாடம் கடினம் என்று பெயர் எடுத்ததற்கு இதுதான் முக்கியக் காரணம். இங்கே தேவைப்படும் கணிதம் மிகக் குறைவு. தேவைப்படும் பொறுமைதான் அதிகம்.

பாடத்திட்டங்கள் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒரே வரிசையில்தான் செல்கின்றன: முடிவுறு ஆட்டோமேட்டா (எண்ணிக்கையில் அடங்கும் நிலைகள் மட்டுமே கொண்ட கற்பனை இயந்திரங்கள்), இலக்கணங்கள், டூரிங் மெஷின், எதைத் தீர்க்கவே முடியாது என்ற பகுதி, கடைசியாக எதை வேகமாகத் தீர்க்க முடியும் என்ற பகுதி. இவற்றைத் தனித்தனி அலகுகளாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுவாரம் எதுவும் மிஞ்சாது. ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு முழுப் பாடத்தையும் கடக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்வி: உள்ளீட்டைப் படித்துக்கொண்டே போகும் ஓர் இயந்திரம், இதுவரை படித்ததில் எதை நினைவில் வைத்திருந்தாக வேண்டும்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கணம், சார்பு, தொடர்பு, கிராஃப் ஆகியவற்றின் வரையறைகள் தெரிந்திருக்க வேண்டும். இன்டக்‌ஷன் நிரூபணமும் முரண்பாடு வழியான நிரூபணமும் கையில் பழகியிருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அது "எல்லாவற்றுக்கும்", "ஏதாவது ஒன்றுக்கு" என்ற இரண்டு சொற்களின் வரிசை. "ஒவ்வொரு எண்ணுக்கும் அதைவிடப் பெரிய எண் ஒன்று உண்டு" என்பது உண்மை. "எல்லா எண்களையும்விடப் பெரிய எண் ஒன்று உண்டு" என்பது பொய். படி 4-இல் வரும் பம்பிங் லெம்மாவில் தடுமாறுகிறவர்களைக் கவனித்தால், அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

அடுத்து, மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்: வெற்றுக் கணம், வெற்றுச் சரம், வெற்றுச் சரத்தை மட்டும் கொண்ட கணம். முதலாவதில் எதுவும் இல்லை. இரண்டாவது, நீளம் 0 உள்ள ஒரு சரம். மூன்றாவதில் ஓர் உறுப்பு இருக்கிறது. இதில் குழப்பம் இருந்தால் பாடம் முழுக்க அது பின்தொடரும்.

"மொழி" என்பது இங்கே சரங்களின் கணம், அவ்வளவுதான். ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் எந்தக் கேள்வியையும் ஒரு மொழியாக மாற்றிவிடலாம். "இந்த எண் பகா எண்ணா?" என்ற கேள்வியும், பகா எண்களை 0, 1 சரங்களாக எழுதிச் சேர்த்த கணமும் ஒன்றுதான். "கணக்கைத் தீர்ப்பது" என்பதை "ஒரு சரம் இந்த மொழியில் உண்டா என்று சொல்வது" என்று மாற்றிப் பார்க்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டால் பின்னால் நிறைய வேலை மிச்சம்.

படி 2: டி.எஃப்.ஏ. வரையும் முன் வாக்கியம் எழுதுங்கள்

டி.எஃப்.ஏ. என்பது, ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு வழி மட்டும் உள்ள முடிவுறு ஆட்டோமேட்டா. சரம் முடியும்போது ஏற்கும் நிலை ஒன்றில் நின்றால் சரம் ஏற்கப்படும். அதை வரையச் சொன்னால் உடனே நிலைகளுக்கு வட்டங்கள் போட்டு அம்புகளை இழுக்க ஆரம்பிப்பதுதான் பொதுவான பழக்கம். அதை விட்டுவிடுங்கள். முதலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்த நிலையில் இருந்தால், இதுவரை படித்ததைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது."

ஓர் எடுத்துக்காட்டு. 0, 1 கொண்டு எழுதிய இருமை எண் இடமிருந்து வலமாக வருகிறது. அது 3-ஆல் வகுபடுமா என்று சொல்ல வேண்டும். எண் எவ்வளவு பெரியதாகவும் இருக்கலாம், முழுவதையும் நினைவில் வைக்க முடியாது. நினைவில் வைக்கத் தேவையானது மீதி மட்டுமே. மீதி 0, 1, 2 என மூன்று வகைதான், ஆகவே மூன்று நிலைகள் போதும். புதிதாக ஓர் இலக்கம் வந்தால் பழைய எண் இரட்டிப்பாகி அந்த இலக்கம் கூடுகிறது. எனவே மீதி 0-இல் இருந்து 0 வந்தால் 0, 1 வந்தால் 1. மீதி 1-இல் இருந்து 0 வந்தால் 2, 1 வந்தால் 0. மீதி 2-இல் இருந்து 0 வந்தால் 1, 1 வந்தால் 2. இப்போது 1001 என்ற சரத்தை, அதாவது 9-ஐக் கொடுத்துப் பாருங்கள்: 0-இல் தொடங்கி 1, 2, 1, 0 என்று போய் 0-இல் முடிகிறது. சரி.

வாக்கியம் எழுதியதன் பலன் இங்கே தெரியும். "இந்த நிலையில் இருந்தால், படித்த எண்ணின் மீதி இது" என்ற வாக்கியமே இன்டக்‌ஷன் நிரூபணத்தின் கூற்று. சரத்தின் நீளத்தின் மேல் இன்டக்‌ஷன் வைத்து, ஆறு அம்புகளையும் சரிபார்த்தால் நிரூபணம் முடிந்தது. வரைபடத்தை முதலில் போட்டவருக்கு நிரூபணம் தனி வேலை. வாக்கியத்தை முதலில் எழுதியவருக்கு அது ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது.

இதே முறையில் 5-ஆல் வகுபடுவது, 0-கள் இரட்டையாகவும் 1-கள் ஒற்றையாகவும் உள்ள சரங்கள், 101 எங்கேயும் வராத சரங்கள் ஆகிய மூன்றையும் செய்து பாருங்கள். இவை வந்துவிட்டால் டி.எஃப்.ஏ. பகுதியில் மேலும் நேரம் செலவிட வேண்டாம்.

படி 3: என்.எஃப்.ஏ.வும் ரெகுலர் எக்ஸ்பிரஷனும்

ஒரே எழுத்துக்குப் பல வழிகளில் போகக்கூடிய இயந்திரமான என்.எஃப்.ஏ.வை மைக்கேல் ராபினும் டானா ஸ்காட்டும் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிமுகப்படுத்தினார்கள். அதற்காக இருவருக்கும் 1976-இல் டூரிங் விருது கிடைத்தது. ஏதாவது ஒரு வழி ஏற்கும் நிலையில் முடிந்தால் சரம் ஏற்கப்படும். இயந்திரம் "சரியாக ஊகிக்கிறது" என்ற விளக்கம் சிலருக்கு உதவும். எனக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிவது, எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான். அப்படிப் பார்த்தால் என்.எஃப்.ஏ.வை டி.எஃப்.ஏ.வாக மாற்றும் சப்செட் முறை தானாகவே வந்துவிடும். "இப்போது எந்தெந்த நிலைகளில் நிற்கலாம்" என்ற தொகுப்பே புதிய இயந்திரத்தின் ஒரு நிலை.

இதைக் கையால் ஒருமுறை முழுமையாகச் செய்தே ஆக வேண்டும். அதற்கு ஏற்ற மொழி: கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்து 1 ஆக உள்ள சரங்கள். என்.எஃப்.ஏ.வுக்கு 4 நிலைகள் போதும். டி.எஃப்.ஏ.வுக்கு 8 வேண்டும், அதற்குக் குறைவாக முடியாது. காரணம் நம் பழைய கேள்வியிலேயே இருக்கிறது. சரம் எப்போது முடியும் என்று தெரியாததால் கடைசி மூன்று எழுத்துகளையும் நினைவில் வைக்க வேண்டும், அவை 8 விதமாக வரலாம். கடைசியிலிருந்து பத்தாவது என்று கேட்டால் 11 நிலைகளுக்கு எதிராக 1024 நிலைகள்.

தேர்வில் அடிக்கடி மதிப்பெண் போகும் இடம் ஒன்று உண்டு. டி.எஃப்.ஏ.வில் ஏற்கும் நிலைகளையும் மற்றவற்றையும் இடம் மாற்றினால் மொழியின் நிரப்பி, அதாவது மொழியில் இல்லாத எல்லாச் சரங்களின் கணம், கிடைக்கும். என்.எஃப்.ஏ.வில் அப்படிச் செய்தால் கிடைக்காது. ஒரே சரத்துக்கு ஏற்கும் வழியும் ஏற்காத வழியும் இரண்டும் இருக்கலாம் அல்லவா? ஏன் என்று ஒரு சிறு எடுத்துக்காட்டோடு எழுதிப் பாருங்கள். மறக்காது.

சரங்களின் வடிவத்தைச் சுருக்கமாக எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை ஸ்டீஃபன் கிளீனி 1950-களில் உருவாக்கினார். முடிவுறு ஆட்டோமேட்டா ஏற்கும் மொழிகளே, அதாவது இப்படி எழுத முடிந்த மொழிகளே, ரெகுலர் மொழிகள். கென் தாம்ப்சன் 1968-இல் அதை எடிட்டருக்குள் தேடும் கருவியாகக் கொண்டுவந்தார். இன்றைய நிரல்மொழிகளில் ரீஜெக்ஸ் என்ற பெயரில் உள்ள அதன் வடிவத்தில், முன்பு பிடித்த துண்டைத் திரும்பக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. அது ரெகுலர் மொழிகளின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆகவே "ரீஜெக்ஸில் எழுத முடிகிறது, எனவே ரெகுலர்" என்று தேர்வில் எழுதக் கூடாது.

படி 4: ஒரு மொழி ரெகுலர் இல்லை என்று காட்டுவது

பாடத்தின் முதல் உண்மையான மலைப்பு இங்கேதான். இங்கே அவசரப்படாமல் தங்குங்கள்.

பெரும்பாலான வகுப்புகள் பம்பிங் லெம்மாவில் தொடங்குகின்றன. நான் சொல்லும் வரிசை வேறு. மைஹில், நெரோட் இருவரும் 1950-களின் பிற்பகுதியில் கண்ட தேற்றத்தின் உட்கருத்தை முதலில் பிடியுங்கள். இரண்டு சரங்களைப் படித்து முடித்த பிறகு, இரண்டோடும் ஒரே வாலை ஒட்டினால் ஒன்று மொழிக்குள்ளும் மற்றது வெளியேயும் போகிறது என்றால், இயந்திரம் அந்த இரண்டையும் வெவ்வேறு நிலைகளில் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரே நிலையில் இருந்தால் வாலுக்குப் பிறகும் ஒரே விடைதான் வரும். இப்படி ஒன்றோடொன்று வேறுபடும் சரங்கள் முடிவில்லாமல் கிடைத்தால், முடிவுள்ள நிலைகள் போதாது.

சில 0-கள், பிறகு அதே எண்ணிக்கையில் 1-கள் என்ற மொழியை எடுங்கள். மூன்று 0-களையும் ஐந்து 0-களையும் படித்த இயந்திரம் ஒரே நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று 1-களை ஒட்டினால் முதலாவது ஏற்கப்பட வேண்டும், இரண்டாவது மறுக்கப்பட வேண்டும். ஒரே நிலையிலிருந்து இது நடக்காது. மூன்று, ஐந்து என்பதற்குப் பதில் எந்த இரண்டு வேறுபட்ட எண்களுக்கும் இதே வாதம் பொருந்தும். எனவே நிலைகளின் எண்ணிக்கைக்கு முடிவில்லை. நிரூபணம் இவ்வளவுதான். பல கேள்விகளில் இது பம்பிங் லெம்மாவைவிடச் சுருக்கமாக முடியும். வகுப்பில் நடத்தியிருந்தால் தேர்விலும் இதையே பயன்படுத்தலாம்.

இனி பம்பிங் லெம்மா. ஒரு மொழி ரெகுலர் என்றால் அதற்கு ஒரு நீளம் உண்டு. அதை ப என்போம். ப அல்லது அதற்கு மேல் நீளமுள்ள, மொழியில் உள்ள எந்தச் சரத்தையும் மூன்று பகுதிகளாக வெட்டலாம். முதல் இரண்டு பகுதிகளின் மொத்த நீளம் ப-வைத் தாண்டாது, நடுப்பகுதி வெறுமையாக இருக்காது, நடுப்பகுதியை எத்தனை முறை திருப்பி எழுதினாலும், அடியோடு நீக்கினாலும், சரம் மொழிக்குள்ளேயே இருக்கும். இதை இருவர் ஆடும் ஆட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். எதிராளி ப-வைச் சொல்கிறார். நீங்கள் சரத்தைத் தருகிறீர்கள். எதிராளி வெட்டுகிறார். நடுப்பகுதியை எத்தனை முறை எழுதுவது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எதிராளி எப்படி ஆடினாலும் சரத்தை மொழிக்கு வெளியே தள்ள உங்களால் முடிந்தால், மொழி ரெகுலர் இல்லை.

மேலே பார்த்த மொழிக்கு: எதிராளி ப சொன்னதும் ப எண்ணிக்கையில் 0-களும் அதே எண்ணிக்கையில் 1-களும் கொண்ட சரத்தைத் தருகிறீர்கள். முதல் இரண்டு பகுதிகளும் ப நீளத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால், நடுப்பகுதியில் 0-கள் மட்டுமே இருக்க முடியும். அதை இருமுறை எழுதினால் 0-கள் கூடிவிடும், 1-கள் கூடாது. சரம் வெளியே வந்துவிட்டது.

தவறுகள் வழக்கமாக எங்கே நடக்கின்றன? ப-வுக்கு 5 என்று தானே ஓர் எண் வைத்துக்கொள்வது, அது எதிராளியின் முறை. "இப்படி வெட்டினால் முரண்பாடு வருகிறது" என்று ஒரே ஒரு வெட்டை மட்டும் காட்டுவது, அதுவும் எதிராளியின் முறைதான். சரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காதது இன்னொன்று. 0-களும் 1-களும் எந்த வரிசையிலாவது சம எண்ணிக்கையில் வரும் மொழிக்கு 0101... என்ற சரத்தைத் தந்தால், எதிராளி 01 என்பதையே நடுப்பகுதியாக வெட்டித் தப்பித்துவிடுவார். மொழி ரெகுலர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் உங்கள் சரம் அதைக் காட்டாது. கடைசியாக, லெம்மாவை வைத்து ஒரு மொழி ரெகுலர் என்று நிரூபிக்க முயல்வது. லெம்மாவின் நிபந்தனை பொருந்தியும் ரெகுலராக இல்லாத மொழிகள் இருக்கின்றன, ஆகவே அந்தத் திசையில் அது உதவாது.

இன்னொரு குறுக்கு வழி: சம எண்ணிக்கை மொழி ரெகுலர் என்றால், அதை "0-கள் எல்லாம் முன்னே, 1-கள் எல்லாம் பின்னே" என்ற ரெகுலர் மொழியோடு வெட்டினாலும், அதாவது இரண்டிலும் உள்ள சரங்களை மட்டும் எடுத்தாலும், ரெகுலர் மொழிதான் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ ஏற்கெனவே ரெகுலர் இல்லை என்று காட்டிய மொழி. முடிந்தது. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பின்னால் வரும் ரிடக்‌ஷனுக்கு நல்ல முன்பயிற்சி.

படி 5: இலக்கணமும் ஸ்டாக்கும்

நோம் சோம்ஸ்கி 1956-இல் இலக்கணங்களை வகைப்படுத்தியது மனித மொழிகளைப் புரிந்துகொள்வதற்காக. அது கம்பைலர் எழுதுவோருக்கு அடித்தளமாக அமைந்தது. ஒரு மாறியை, அதைச் சுற்றி என்ன இருந்தாலும், விதிப்படி வேறு சரமாக மாற்றலாம் என்ற கான்டெக்ஸ்ட் ஃப்ரீ இலக்கணத்துக்குச் சமமான இயந்திரம் புஷ்டவுன் ஆட்டோமேட்டா, அதாவது முடிவுள்ள நிலைகளோடு ஒரு ஸ்டாக் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு). இப்போது நினைவுக்கு எல்லை இல்லை, ஆனால் மேலே உள்ளதை மட்டுமே பார்க்க முடியும், பார்த்துக் கீழே போக வேண்டுமென்றால் மேலே உள்ளதை இழக்க வேண்டும். 0-களையும் 1-களையும் எண்ணி ஒப்பிட இது போதும். 0, 1, 2 மூன்றும் ஒரே எண்ணிக்கையில் அடுத்தடுத்து வருவதைச் சரிபார்க்கப் போதாது. 1-களை ஒப்பிட்டு முடிக்கும்போது ஸ்டாக் காலியாகியிருக்கும், 2-களோடு ஒப்பிட எதுவும் இருக்காது. இது உள்ளுணர்வுதான். முறையான நிரூபணத்துக்கு இந்த வகை மொழிகளுக்கான பம்பிங் லெம்மா வேண்டும்.

இலக்கணம் எழுதும்போதும் வாக்கியம் எழுதும் பழக்கத்தை விடாதீர்கள். ஒவ்வொரு மாறியிலிருந்தும் "என்னென்ன சரங்கள் பிறக்கும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் விதிகளை எழுத வேண்டும்.

ஒரே சரம் விதிகளால் எப்படிப் பிறந்தது என்று காட்டும் பாகுபாட்டு மரங்கள் இரண்டு வந்தால் இலக்கணம் ஈரடியானது. இரண்டு இஃப், ஒரே ஒரு எல்ஸ் வந்தால் அந்த எல்ஸ் எந்த இஃபுக்குச் சொந்தம் என்ற நிரல்மொழிச் சிக்கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கையால் வரைந்து, ஈரடி இல்லாத இலக்கணமாகத் திருத்திப் பாருங்கள். இலக்கண விதிகளை ஒரே சீரான சோம்ஸ்கி வடிவத்துக்கு மாற்றுவதையும், ஒரு சரம் மொழியில் உண்டா என்று பார்க்கும் சி.ஒய்.கே. அட்டவணை நிரப்புவதையும் தலா ஒருமுறை செய்தால் போதும். அவை இயந்திரத்தனமான வேலைகள், புரிந்துகொள்ள ஆழம் அதிகம் இல்லை.

ஆழம் இருப்பது மூடுபண்புகளில். இந்த மொழிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அதே வகைக்குள் இருக்கும். வெட்டினால் இருக்கும் என்ற உறுதி கிடையாது. 0-கள், 1-கள், 2-கள் என்ற வரிசையில் வரும் சரங்களில், 0-களும் 1-களும் சமமாக உள்ள மொழியையும் 1-களும் 2-களும் சமமாக உள்ள மொழியையும் வெட்டினால், மேலே சொன்ன மூன்றும் சமமான மொழி வந்துவிடுகிறது. நிரப்பி எடுத்தாலும் வகை மாறிவிடலாம். ஒரு சரத்தை இருமுறை எழுதியது போன்ற சரங்களின் மொழி இந்த வகையில் இல்லை, அதன் நிரப்பி இருக்கிறது. எப்படி என்று ஒரு மாலை நேரம் முழுக்க யோசிக்கத் தகுந்த கேள்வி அது.

படி 6: டூரிங் மெஷின்

1936-இல் ஆலன் டூரிங் இதை வெளியிட்டபோது, இன்று நாம் கணினி என்று சொல்லும் பொருள் இருக்கவில்லை. 1928-இல் ஹில்பெர்ட்டும் ஆக்கர்மனும் முன்வைத்த கேள்விக்கு, அதாவது எந்தத் தர்க்கக் கூற்றையும் எடுத்து அது எப்போதும் உண்மையா என்று சொல்லும் பொதுவான செயல்முறை உண்டா என்பதற்கு, "இல்லை" என்று நிரூபிக்கத்தான் அவர் இந்த இயந்திரத்தை வரையறுத்தார். அதே ஆண்டில் அலோன்சோ சர்ச் லாம்டா கால்குலஸ் என்ற, சார்புகளை வைத்துக் கணிக்கும் முறை வழியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். இயந்திரத்தின் முடிவில்லாத டேப்பில் இரு பக்கமும் போகலாம், எழுதலாம், அழிக்கலாம் என்பதால் நினைவுக்கு இனி எந்தத் தடையும் இல்லை. ஒரு ஸ்டாக்குக்குப் பதில் இரண்டு ஸ்டாக் கொடுத்தாலே இந்த வலிமை வந்துவிடும். ஏன் என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி.

முழு மாற்ற அட்டவணையை இரண்டு சிறிய மொழிகளுக்கு மட்டும் எழுதுங்கள். பிறகு "டேப்பில் இடமிருந்து வலமாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறியிடு, திரும்பி வா" என்ற மட்டத்தில் விளக்கப் பழகுங்கள். அதன் பிறகு சாதாரண வழிமுறை விளக்கமே போதும். எந்தக் கேள்விக்கு எந்த மட்டம் வேண்டும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. சர்ச்–டூரிங் கருத்து ஒரு தேற்றம் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். "செயல்முறை" என்று நாம் உள்ளுணர்வில் நினைப்பது இந்த இயந்திரத்தோடு ஒத்துப்போகிறது என்ற நம்பிக்கை அது. விடையில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால் தவறு.

படி 7: தீர்க்க முடியாதவை, ரிடக்‌ஷனின் திசை

நிறுத்தச் சிக்கலின் நிரூபணத்தைப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுத வர வேண்டும். எந்த நிரலையும் அதன் உள்ளீட்டையும் கொடுத்தால் அது நிற்குமா நிற்காதா என்று எப்போதும் சரியாகச் சொல்லும் ஒரு நிரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்தி ஒரு புதிய நிரல் எழுதுகிறோம். அது ஒரு நிரலை வாங்கி, அந்த நிரலுக்கு அதன் சொந்த உரையையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா என்று கேட்கும். "நிற்கும்" என்று விடை வந்தால் முடிவில்லாமல் சுற்றும். "நிற்காது" என்று வந்தால் நின்றுவிடும். இப்போது புதிய நிரலுக்கு அதன் சொந்த உரையைக் கொடுங்கள். நின்றால் நிற்கக் கூடாது, நிற்காவிட்டால் நிற்க வேண்டும். முரண்பாடு. படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்ததுபோல் இருக்கும். இரண்டு நாள் கழித்து வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள், எந்த வரி உண்மையில் புரியவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்தது ரிடக்‌ஷன். ஒரு கணக்கை இன்னொரு கணக்காக மாற்றி, இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் விடை கிடைக்கும்படி செய்வது இது. மாணவர்கள் திசையை மாற்றிப்போடுவது இந்தப் பாடத்திலேயே மிகப் பரவலான பிழை. "புதிய கணக்கு கடினம் என்று காட்ட, ஏற்கெனவே கடினம் என்று தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கு" என்று ஒவ்வொரு விடையின் மேலேயும் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: "வெற்று டேப்பில் தொடங்கினால் இந்த இயந்திரம் நிற்குமா?" என்பதைத் தீர்க்க முடியாது என்று காட்ட வேண்டும். ஓர் இயந்திரமும் ஒரு சரமும் கொடுக்கப்பட்டால், நாம் புதிய இயந்திரம் ஒன்று கட்டுகிறோம். அது தன் டேப்பில் இருப்பதை அழித்து, கொடுத்த சரத்தை எழுதி, பழைய இயந்திரத்தை அதன் மேல் ஓட்டும். புதியது வெற்று டேப்பில் நிற்பதும் பழையது அந்தச் சரத்தில் நிற்பதும் ஒன்றே. எனவே வெற்று டேப் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால் நிறுத்தச் சிக்கலுக்கும் விடை கிடைத்துவிடும். கிடைக்காது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியது: நாம் அந்தப் புதிய இயந்திரத்தை ஓட்டவே இல்லை, எழுதிக் கொடுத்ததோடு சரி. இந்த வேறுபாடு பிடிபட்டவுடன் மற்ற ரிடக்‌ஷன்கள் எளிதாகிவிடும்.

ஹென்றி ரைஸ் 1953-இல் வெளியிட்ட தேற்றம், இயந்திரம் ஏற்கும் மொழியைப் பற்றிய, வெறுமையாக இல்லாத எந்தப் பண்பையும் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்கிறது. "வெறுமையாக இல்லாத" என்றால், சில மொழிகளுக்குப் பொருந்திச் சிலவற்றுக்குப் பொருந்தாத பண்பு. ஆனால் "இந்த இயந்திரத்துக்குப் பத்து நிலைகள் உண்டா?" என்பது மொழியைப் பற்றியது அல்ல, இயந்திரத்தின் உரையைப் பற்றியது. அதை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம். இந்த வேறுபாட்டைச் சோதிக்கும் கேள்வி தேர்வுக்குத் தேர்வு வரும்.

இந்தக் கட்டத்தில் ஓர் அட்டவணை தயாரியுங்கள். ஒரு பக்கம் டி.எஃப்.ஏ., கான்டெக்ஸ்ட் ஃப்ரீ இலக்கணம், டூரிங் மெஷின். மறுபக்கம் மூன்று கேள்விகள்: இந்தச் சரம் மொழியில் உண்டா, மொழி வெற்றா, இரண்டு மொழிகள் சமமா? டி.எஃப்.ஏ.வுக்கு மூன்றும் தீர்மானிக்கத்தக்கவை. இலக்கணத்துக்கு முதல் இரண்டும் முடியும், சமமா என்பது முடியாது. டூரிங் மெஷினுக்கு எதுவும் முடியாது. ஒன்பது கட்டங்களுக்கும் காரணத்தை உங்கள் சொந்த வரிகளில் எழுதினால், பாடத்தின் முதுகெலும்பு ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

படி 8: வேகம், நேரம், என்.பி.

என்.பி. என்பதற்கு "பாலினாமியல் இல்லை" என்று பொருள் சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது தவறு. விடை "ஆம்" என்றால் அதற்கான சான்றைப் பாலினாமியல் நேரத்தில், அதாவது உள்ளீட்டு அளவின் ஒரு நிலையான அடுக்கின் அளவைத் தாண்டாத நேரத்தில், சரிபார்க்கக்கூடிய கணக்குகளின் வகுப்பு அது. பாலினாமியல் நேரத்தில் தீர்க்கக்கூடிய எளிதான கணக்குகளும், அதாவது பி என்ற வகுப்பும், அதற்குள் அடக்கம்.

உள்ளீட்டின் அளவு என்பது எண்ணின் மதிப்பு அல்ல, அதை எழுதத் தேவையான இலக்கங்கள். 100 இருமை இலக்கங்கள் உள்ள எண்ணை அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்துப் பகா எண்ணா என்று சொல்வது, ஏறக்குறைய 2-இன் 50-ஆம் அடுக்கு அளவுக்கு வேலை. அது பாலினாமியல் இல்லை. பாலினாமியல் நேரத்தில் உறுதியாகச் சொல்லும் வழியை மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002-இல் கண்டார்கள்.

ஸ்டீஃபன் குக் 1971-இல் சாட் கணக்கு, அதாவது ஒரு தர்க்கச் சூத்திரத்தை உண்மையாக்கும் மதிப்புகள் உண்டா என்ற கேள்வி, என்.பி.-கம்ப்ளீட் (என்.பி.யில் உள்ளவற்றிலேயே மிகக் கடினமான வகை) என்று காட்டினார். லியோனிட் லெவின் தனியாக அதே முடிவை 1973-இல் வெளியிட்டார். இடையில் 1972-இல் ரிச்சர்ட் கார்ப் அங்கிருந்து 21 கணக்குகளுக்குச் சங்கிலி போட்டார். அந்தச் சங்கிலியில் ஐந்தாறு கண்ணிகளையாவது நீங்களே செய்து பார்க்க வேண்டும். தொடங்க ஏற்றது, அடைப்புக்கு மூன்று உறுப்புகள் உள்ள 3-சாட்டிலிருந்து இன்டிபென்டன்ட் செட் (கிராஃபில் ஒன்றோடொன்று இணையாத முனைகளின் தொகுப்பு). ஒவ்வொரு அடைப்புக்கும் அதன் மூன்று உறுப்புகளுக்கு மூன்று முனைகள், மூன்றையும் முக்கோணமாக இணையுங்கள். ஒரு மாறியும் அதன் மறுப்பும் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அவற்றையும் இணையுங்கள். அடைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கு, ஒன்றோடொன்று இணையாத முனைகள் கிடைக்குமா என்பதே கேள்வி. முக்கோணத்திலிருந்து ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாது, முரணான இரண்டையும் எடுக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு தேர்வு கிடைத்தால் சூத்திரத்தை உண்மையாக்கும் மதிப்பு கிடைக்கும், மதிப்பு இருந்தால் தேர்வும் கிடைக்கும். இரண்டு திசையையும் எழுத வேண்டும். ஒரு திசையோடு நிறுத்துவது பாதி மதிப்பெண்ணுக்குச் சமம். கிராஃபைக் கட்டப் பாலினாமியல் நேரம் போதும் என்ற ஒரு வரியையும் விடக் கூடாது.

3-சாட் இவ்வளவு கடினமாக இருக்க, அடைப்புக்கு இரண்டே உறுப்புகள் உள்ள 2-சாட் வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. எல்லை எங்கே விழுகிறது என்று இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் இந்தப் பகுதியின் அழகு. பி-யும் என்.பி.-யும் ஒன்றா என்ற கேள்விக்கு கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அது இன்னும் திறந்தே இருக்கிறது.

நினைவகத்தை அளவாக வைத்துப் பார்த்தால் படம் மாறும். வால்டர் சாவிட்ச் 1970-இல் காட்டியபடி, ஊகிக்கும் இயந்திரத்துக்குத் தேவையான இடத்தின் வர்க்கம் அளவு இடத்தில் ஊகிக்காத இயந்திரமும் அதே வேலையைச் செய்துவிடும். நேரத்துக்கு இப்படி ஒன்று தெரியவில்லை. இடத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம், நேரத்தை முடியாது என்பதை வைத்து இந்த நிரூபணத்தைப் படியுங்கள்.

படி 9: வாரம் முழுக்க எப்படிப் படிப்பது

வகுப்புக்கு முன் வரையறைகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். வகுப்பு முடிந்த அன்றே, நடத்திய நிரூபணம் ஒன்றைக் குறிப்பைப் பார்க்காமல் எழுதுங்கள். பயிற்சிக் கணக்குகளுக்கு விடை உடனே கிடைக்கும் காலம் இது, ஆனாலும் குறைந்தது அரை மணி நேரம் முட்டிப் பார்க்காமல் விடையைத் திறக்காதீர்கள். திறந்து படித்துவிட்டால் மூடி வைத்து, மறுநாள் நீங்களே முழுமையாக எழுதுங்கள். படித்துப் புரிந்துகொண்ட நிரூபணத்தையும் எழுதத் தெரிந்த நிரூபணத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் இந்தப் பாடத்தில் பலரைக் கவிழ்க்கிறது.

நண்பர் ஒருவரோடு விடைகளை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் "ஏன்?" என்று கேட்டுத் திருத்துங்கள். நிரல் எழுதப் பிடித்தவர்கள் டி.எஃப்.ஏ. ஓட்டி, சப்செட் மாற்றி, நிலைகளைக் குறைக்கும் செயல்முறை ஆகிய மூன்றையும் தாங்களே எழுதலாம். ஓரிரு வார வேலைதான், வரையறைகள் விரல்நுனிக்கு வந்துவிடும். ஜேஃப்ளாப் என்ற இலவசக் கருவியில் ஆட்டோமேட்டாவை வரைந்து சரங்களைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் முதலில் தாளில் வரைந்து, அப்புறம் அதில் சரிபாருங்கள்.

தேர்வில் கேள்வி எதுவானாலும் முதல் வரியில் எதை நிரூபிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "ரெகுலரா இல்லையா?" என்று கேட்டால், ஐந்து நிமிடம் இயந்திரம் கட்ட முயன்று பாருங்கள். எதை நினைவில் வைக்க முடியாமல் கட்டுவது தடைப்படுகிறதோ, அதுவே ரெகுலர் இல்லை என்று காட்ட நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய சரத்தையும் சொல்லிவிடும்.